நாலு பேருக்கு ஒரு கையெழுத்து

ரஹ்மத்துல்லா அமெரிக்க அரசாங்கத்தைக் கரைத்துக் குடித்தவர். குடித்ததை ஞாயிற்றுக்கிழமை தோறும் காலை பத்து மணிக்கு, பர்மாவில் தாமுவே என்ற இடத்தில் இரண்டாம் மாடி வீட்டின் முன்னறையில், எட்டுப் பேர் முன்னால் வாந்தியெடுப்பார். அந்த எட்டுப் பேருக்கும் இஞ்சித் தேநீர் போட்டுக் கொண்டுவந்து வைப்பது அவருடைய மனைவி சமீனாவின் வேலை. இது சமீனாவின் கதை. அவரைப் பற்றிப் பேசாமல் இவளைப் பற்றிப் பேச முடியாது என்பது இவளுடைய தலையெழுத்து.

ஒரு காலத்தில் அவர் கப்பல் சரக்கு அனுப்பும் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தார். கம்பெனியை மூடியபின் வேறு வேலை தேடவில்லை. தேடுவது தன் தகுதிக்குக் குறைச்சல் என்று நினைத்தார். 2008ஆம் வருஷம், புயல் வந்து ஊரைப் புரட்டிப் போட்ட சில மாதங்களில், அமெரிக்கர்கள் நடத்திய நூலகத்தில் ஒரு வகுப்புக்குப் போனார். அமெரிக்க அரசாங்கமும் குடிமக்களின் கடமையும் என்று அதற்குப் பெயர். மூன்று மாதம் கழித்து ஒரு சான்றிதழும் வாய் ஓயாத வியாதியுமாகத் திரும்பி வந்தார். சான்றிதழைச் சட்டம் போட்டு மக்கா படத்துக்கு ஒரு சாண் கீழே மாட்டினார். அந்த அளவுக்கு அவரிடம் அடக்கம் இருந்தது.

பிறகு வகுப்பு தொடங்கினார். படிக்க வந்தவர்கள் அவரை ‘சயா’ என்றார்கள். பர்மாக்காரர்கள் வாத்தியாரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்தச் சொல் காதில் விழுந்த நாளிலிருந்து அவர் நடை மாறிவிட்டது. படியிறங்கிப் போய் வெற்றிலை வாங்கி வருவதைக்கூட ஜனாதிபதி பதவியேற்கப் போகிற மாதிரி செய்தார்.

வந்தவர்களுக்கு வேண்டியது அமெரிக்க அரசாங்கம் அல்ல, அமெரிக்கா. விசா லாட்டரிக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் அவர்கள். சயா கையெழுத்துப் போட்ட சான்றிதழ் ஒன்று இருந்தால் தூதரகத்தில் மதிப்பு என்று யாரோ அவர்கள் காதில் பூச்சுற்றியிருந்தார்கள். அந்த யாரோ ரஹ்மத்துல்லாதான். ரயிலடிக்குப் பக்கத்தில் வடை சுட்டு விற்கும் காளியம்மா தன் மகன் மோகனுக்காக வந்து உட்கார்ந்தாள். அவனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் லைங் தாயாவில் தையல் ஆலை வேலை இருந்தது. ஆகவே மகன் பேரில் சான்றிதழ், அம்மா பேரில் வருகைப்பதிவு. ஒருவருக்குப் பதில் இன்னொருவர் வந்தால் ஆகுமா என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் அது சகஜமாகப் பட்டது.

பேச்சுச் சுதந்திரம் பற்றி அவர் ஒரு மணி நாற்பது நிமிஷம் பேசினார். அதில் வேறு ஒருவரும் வாய் திறக்கவில்லை. யாராவது கை தூக்கினால், “வர்றேன், வர்றேன், அதுக்குத்தான் வர்றேன்” என்று கையமர்த்திவிடுவார். அங்கேதான் வரமாட்டார்.

சமீனா எல்லாவற்றையும் அடுக்களைத் திரைக்குப் பின்னால் இருந்து கேட்டாள். தாமுவே மார்க்கெட்டில் பள்ளிக்கூட உடுப்புக் கடை வைத்திருந்தாள். பச்சை லோஞ்சி, வெள்ளைச் சட்டை. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது அவளுக்கு உட்கார நேரமிருக்காது. குடும்பம் அந்தக் கடையில்தான் ஓடியது. வீடும் அவளுடைய வாப்பா பீர் முகைதீன், லத்தாவில் குடை வியாபாரம் செய்து வாங்கி அவள் பேரில் விட்டுப் போனது. ஞாயிறு மட்டும் கடையை மதியத்துக்கு மேல் திறப்பாள், இந்த எட்டுப் பேருக்குத் தேநீர் போடவேண்டுமே. இரண்டு வருஷம் காது கொடுத்ததில், ஜனாதிபதி மறுத்த சட்டத்தை மறுபடி நிறைவேற்ற மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்பதுவரை அவளுக்குத் தெரிந்துவிட்டது. சயா ஒருமுறை முக்கால் பங்கு என்று தப்பாகச் சொன்னபோது வெங்காயம் நறுக்கியபடி தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

ஒரே ஒரு பாடம் மட்டும் அவளைப் பிடித்துக்கொண்டது. ரகசிய வாக்கு. “ஒரு தட்டி இருக்கும், அதுக்குப் பின்னால நீங்க, உங்க கையில ஒரு சீட்டு” என்றார் அவர் அன்று. “அங்க முதலாளி வர முடியாது, முல்லா வர முடியாது, புருஷன் வர முடியாது.” வடிகட்டியும் கையுமாக அவள் அப்படியே நின்றுவிட்டாள். யாரும் உள்ளே வரமுடியாத இடம் ஒன்று அவளுடைய முப்பத்தேழு வயதில் இருந்ததே இல்லை. அவள் வீட்டுக் குளியலறைக்குக்கூடத் தாழ்ப்பாள் சரியில்லை. நாலு வருஷமாக மாட்டித் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவரும் சயாதான்.

சமீனா அதுவரை ஓட்டுப் போட்டதில்லை. 1990இல் தேர்தல் நடந்தபோது அவளுக்குப் பதினேழு வயது. கல்யாணத்துக்குப் போதும், ஓட்டுக்குப் போதாது. 2008இல் அரசியல் சட்டத்துக்கு வாக்கெடுப்பு வைத்தார்கள். அன்று அவள் கூரைத் தகடு கொடுக்கும் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். வீட்டுக்கு மேலே வானம் தெரியும்போது அரசியல் சட்டத்தை யார் பார்த்தார்கள்.

ஆனால் அவளிடம் ரோஸ் அட்டை இருந்தது. இந்த நாட்டின் முழுக் குடிமகள் என்பதற்கான அட்டை. அதற்காக ஒன்பது வருஷம் குடிவரவு அலுவலகப் படியேறி இறங்கியிருந்தாள். தாத்தா எப்போது கப்பலேறி வந்தார், வாப்பா எந்த ஆஸ்பத்திரியில் பிறந்தார், அதற்குச் சாட்சி யார், அந்தச் சாட்சி பிறந்ததற்குச் சாட்சி யார். அசலைக் கொண்டுவா என்பார்கள். கொண்டுபோனால் நகல் எங்கே என்பார்கள். நகலை நீட்டினால் மேஜைக்காரர் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருப்பார். ஒரு தடவை மகள் நிலோஃபரை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். அட்டை கைக்கு வந்த வருஷம் நிலோஃபர் எட்டாம் வகுப்பு முடித்திருந்தாள்.

ரஹ்மத்துல்லா போகவில்லை. “உரிமையைப் போய் வரிசையில நின்னு வாங்குவாங்களா? அது நம்மகிட்ட ஏற்கெனவே இருக்கு” என்பார். ஏற்கெனவே இருந்தது வெள்ளை அட்டை. தற்காலிகமாக இரு, பிறகு பார்க்கலாம் என்று கொடுக்கிற அட்டை அது. வரிசையில் நிற்கப் போகுமுன் அவள் ஆக்கிவைத்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு இந்தத் தத்துவத்தைச் சொல்வார். மகளுக்கும் அட்டை வாங்கித் தந்தவள் சமீனாதான்.

2010 நவம்பரில் தேர்தல் என்று அறிவித்தார்கள். வெள்ளை அட்டைக்காரர்களும் போடலாம் என்றார்கள். ராணுவச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அதே ஆட்கள் வேட்பாளர்களாக வந்தார்கள். வந்தவர்கள் ரோடு போட்டார்கள். போட்ட ரோட்டில் தங்கள் படத்தை நட்டார்கள். இந்தக் கூத்தை எல்லாரும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள், சமீனாவும்தான். ஆனால் வார்டில் சுயேச்சையாக ஓர் அம்மாள் நின்றார். டோ மியா திங் என்று பெயர். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. வசதியில்லாத பிள்ளைகளுக்கு உடுப்பு வாங்க வருஷா வருஷம் சமீனாவின் கடைக்கு வருவார்.

“ஜெயிக்க மாட்டேன்னு எனக்கே தெரியும்” என்று கடை முக்காலியில் உட்கார்ந்து பர்மிய மொழியில் சொன்னார் அவர். “ஆனா எத்தனை பேர் எனக்குப் போட்டாங்கன்னு ஒரு கணக்கு எழுதித்தானே ஆகணும். அந்த எண் எங்கயாவது இருக்கும்.”

அந்த எண்ணில் தான் ஒன்றாக இருக்கவேண்டும் என்று சமீனா அன்றே முடிவு செய்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்பதல்லவா அதில் உள்ள ருசி.

தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ரஹ்மத்துல்லாவுக்குச் சோதனை வந்தது. ஐந்து பேருக்கு மேல் கூடினால் அனுமதி வேண்டும் என்பது சட்டம். இவர் வகுப்பில் எட்டுப் பேர். வார்டுத் தலைவர் ஊ பா ஹான் அதுவரை கண்டும் காணாமல் விட்டிருந்தார். இப்போது படியேறி வந்து, தேர்தல் சமயம், மேலே கேட்பார்கள், வகுப்பை நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ரஹ்மத்துல்லாவுக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. சயா என்று கூப்பிட ஆளில்லாத ஞாயிற்றுக்கிழமையை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அடுத்த வாரம் தேநீர்க் கடைக்குப் போனவர் முகமெல்லாம் பல்லாகத் திரும்பினார். கையில் முத்திரை குத்திய அனுமதிக் கடிதம்.

“எப்படிக் கொடுத்தான்?” என்று கேட்டாள் சமீனா.

“நியாயத்தை எடுத்துச் சொன்னேன் புள்ள. மனுஷன் புரிஞ்சுக்கிட்டான். பேசத் தெரிஞ்சா கல்லும் இறங்கும்.”

அன்று அவளுக்கு அவர்மேல் கொஞ்சம் மரியாதைகூட வந்தது. இத்தனை வருஷம் வெறும் வாய் என்று நினைத்தோமே, ஒரு அதிகாரியிடம் நின்று பேசி வாங்கிவிட்டாரே என்று நினைத்தாள். ஆட்டுக்கறி எடுத்து ஆக்கிப் போட்டாள். பிற்பாடு அதை நினைக்கும்போதெல்லாம் தன் கையைத் தானே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

தேர்தல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவர்களோடு வசிக்கும் ரஹ்மத்துல்லாவின் தம்பி நசீர் தூங்கிக்கொண்டிருந்தான். நிலோஃபர் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். சயா வகுப்புக்காகத் தாடி ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

“நீங்க ஓட்டுப் போடப் போகலையா மச்சான்?” என்று கேட்டாள். மாமி மகன் என்பதால் அவளுக்கு அவர் எப்போதும் மச்சான்தான்.

“வகுப்பு இருக்குல்ல” என்றார் கண்ணாடியைப் பார்த்தபடி.

வகுப்பு பெரிதாகப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு அவள் கிளம்பினாள். பெருநாளைக்கு எடுத்த நீல லோஞ்சியைக் கட்டினாள். கன்னத்தில் தனக்கா மரப்பட்டைக் குழம்பைப் பூசினாள். அட்டையைப் பையில் வைத்துத் தெருவில் இறங்கும்போது, நெஞ்சு படபடவென்று அடிப்பதைப் பார்த்து அவளுக்கே வெட்கமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் வாக்குச்சாவடி. வரிசை நீளமில்லை. ஒவ்வொருவராகத் தட்டிக்குப் பின்னால் போய் வந்தார்கள். பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து நிறுத்திய தட்டி. பரவாயில்லை, அவர் சொன்ன மாதிரியே அதற்குப் பின்னால் ஒரு ஆளுக்குத்தான் இடமிருந்தது.

மேஜையில் இருந்த பெண் ஏதோ பள்ளிக்கூடத்து ஆசிரியை. சின்ன வயசு. அட்டையை வாங்கிப் பட்டியலில் விரல் ஓட்டினாள். விரல் ஓரிடத்தில் நின்றது.

“அமா, நீங்க போட்டாச்சே” என்றாள். அமா என்றால் அக்கா.

“இப்பதானே வர்றேன்.”

“தேர்தலுக்கு முன்னாலயே போடற முன்வாக்குல வந்திருச்சு. பத்து நாளாச்சு. உங்க வீட்டுல நாலு பேருமே போட்டுட்டீங்க. இதோ கையெழுத்து.”

பட்டியலைத் திருப்பிக் காட்டினாள். சமீனா, நிலோஃபர், ரஹ்மத்துல்லா, நசீர். நாலு பெயருக்கும் எதிரே ஒரே கையெழுத்து. தொடங்கிய இடத்துக்கே வளைந்து வந்து, தனக்குத் தானே இரண்டு கோடு அடித்துக்கொள்கிற கையெழுத்து. சான்றிதழ்களில் போடுவதற்காக அவர் ஒரு மாதம் பழகிய கையெழுத்து. உலகத்தில் வேறு யாருக்கும் அந்த ஆடம்பரம் வராது.

“இது என் கையெழுத்து இல்ல” என்றாள்.

“வீட்டுக்காரர் போட்டிருப்பார் அமா. நிறைய வீட்டுல அப்படித்தான்.” அந்தப் பெண் பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தாள், பிறகு குரலைத் தாழ்த்தினாள். “என்னை இங்க உக்காரச் சொன்னாங்க, உக்கார்ந்திருக்கேன். போயிட்டு வாங்க.”

தட்டி நாலு எட்டில் இருந்தது. ஒன்பது வருஷம் நடந்தவளால் அந்த நாலு எட்டு நடக்க முடியவில்லை. பின்னால் நின்றவர் “நகருங்க” என்றார். நகர்ந்தாள். அவமானத்தில் காது மடல் சுட்டது. இவ்வளவு நாளும் அலுவலகத்து மேஜைக்காரர்களிடம் பட்டதெல்லாம் இந்த மாதிரி சுடவில்லை. அவர்கள் அந்நியர்கள்.

வீட்டுக்கு வந்தபோது வகுப்பு சூடுபிடித்திருந்தது. அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமைதான் அமெரிக்காவில் நடுத்தவணைத் தேர்தல் முடிந்திருந்தது. அதைப் பற்றித்தான் சயா பொரிந்து கொண்டிருந்தார்.

“நூத்துக்கு நாப்பது பேர்தான் ஓட்டுப் போட்டிருக்கான். நாப்பது பேர். மத்தவன்லாம் எங்க போனான்? வீட்டுல உக்காந்து டிவி பார்த்திருக்கான். ரத்தம் சிந்தி வாங்கின உரிமை. சோம்பேறிப் பயலுக. நான் அங்க இருந்திருந்தா விடியக்காலையில முத ஆளாப் போய் நின்னிருப்பேன்.”

எட்டுப் பேரும் தலையாட்டினார்கள். சமீனா செருப்பைக் கழற்றிவிட்டு அவர்களைத் தாண்டி அடுக்களைக்குள் போனாள். தேநீர் போடவில்லை. பானையைக்கூடத் தொடவில்லை. பன்னிரண்டு மணிக்குக் காளியம்மா திரையை விலக்கிப் பார்த்து, “சமீனா, உடம்புக்கு ஆகலையா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

எல்லாரும் இறங்கிப் போன பிறகு ரஹ்மத்துல்லா உள்ளே வந்தார். “என்ன, இன்னைக்குத் தேத்தண்ணி கூட இல்ல. எட்டுப் பேருக்கு முன்னால மானம் போச்சு.”

“நாலு பேரு ஓட்டையும் நீங்க கொடுத்தீங்களா?”

“ஓ, அதுவா. போய்ட்டு வந்தியா? சொல்ல மறந்துட்டேன். அன்னைக்குத் தேத்தண்ணிக் கடையில ஊ பா ஹான் பேப்பரை நீட்டினான். நாலு ஓட்டைக் கொடுத்துரு, வகுப்புக்கு அனுமதி போட்டுத் தர்றேன்னான். கொடுத்தேன். வேற என்ன செய்யச் சொல்றே? ஜனநாயகத்தைப் பத்திச் சொல்லிக் கொடுக்கிறதுக்கு இந்த ஊருல ஒரே ஒரு இடம்தான் இருக்கு. அதைக் காப்பாத்த வேணாமா?”

சொல்லும்போது அவர் குரலில் வெட்கம் துளியும் இல்லை. தியாகம் செய்தவரின் குரல்.

“யாருக்குப் போட்டீங்க?”

“எங்க போட்டேன்? கையெழுத்து மட்டும்தான் போட்டேன். சீட்டை அவங்களே பார்த்துக்கிட்டாங்க.”

அவளுக்கு நம்ப முடியவில்லை. தன் ஓட்டைத் திருடி யாருக்கோ போட்டுவிட்டார் என்றுதான் வழிநெடுக நினைத்து வந்திருந்தாள். அப்படிச் செய்திருந்தால்கூட ஒரு மனிதர் செய்த காரியமாக இருந்திருக்கும். இவர் அதைக்கூடச் செய்யவில்லை. எந்தப் பெயருக்கு எதிரே குறி விழுந்தது என்று பார்க்கக்கூட இவருக்குத் தோன்றவில்லை. தேநீர் ஆறிவிடும் என்று அவசரப்பட்டிருப்பார்.

“ஒன்பது வருஷம் நடந்தேன் மச்சான்” என்றாள்.

“தெரியும் புள்ள. ஆனா பெரிய காரியத்துக்குச் சமரசம் வேணும். அமெரிக்காவை உண்டாக்கினவங்களே செஞ்சாங்க. நாடு உடையாம இருக்கணும்னு, அடிமைகளை ஆளுக்கு அஞ்சுல மூணு பங்குன்னு கணக்குப் போட்டு ஒத்துக்கிட்டாங்க. தப்புதான். ஆனா அதனாலதான் நாடு நின்னுச்சு.”

“அந்தப் பாடம் நானும் கேட்டேன்” என்றாள் சமீனா. “அஞ்சுல மூணுன்னு எண்ணினது அவங்களுக்கு ஓட்டுக் கொடுக்கிறதுக்கு இல்ல. அவங்க பேரைச் சொல்லி முதலாளிங்களுக்குக் கூடுதல் இடம் கிடைக்கிறதுக்கு. ரெண்டு வருஷம் முந்தி நீங்களே சொன்னீங்க. அன்னைக்குக் கோவமாச் சொன்னீங்க.”

அவர் சோற்றுப் பானையைத் திறந்து பார்த்தார். பிறகு, “பசிக்குது” என்றார்.

சாயங்காலம் நிலோஃபர் வந்ததும் அவளிடம் சொன்னாள். பத்தொன்பது வயது மகள். அவளுக்கும் அது முதல் ஓட்டு. நிலோஃபர் கைப்பையை மாட்டிவிட்டு, “யபாடே உம்மா” என்றாள். பரவாயில்லை, விடு என்று பர்மியத்தில் சொல்வது. “யாரு போட்டா என்ன. எப்படியும் அவங்கதானே.” சொல்லிவிட்டுத் தலை வாரப் போனாள். சமீனாவுக்கு அன்று முழுக்க நடந்ததில் இதுதான் தாங்கவில்லை. மகள் கோபப்படுவாள், இரண்டு பேரும் சேர்ந்து கோபப்படலாம் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தாள்.

திங்கட்கிழமை கடையைத் திறக்காமல் நேரே வார்டு அலுவலகத்துக்குப் போனாள். ஊ பா ஹான் நல்ல குஷியில் இருந்தார். மேஜையில் காலையில் மொஹிங்கா தின்ற கிண்ணம் காலியாக இருந்தது.

“டோ மியா திங் அம்மாவுக்கு எத்தனை?” என்று கேட்டாள்.

“பள்ளிக்கூடத்துல எண்ணினப்ப அறுபத்தொரு ஓட்டு முன்னால இருந்தாங்க” என்றார் அவர் பல்லைக் குத்திக்கொண்டே. “எங்களுக்கே பயம் வந்திருச்சு. அப்புறம் முன்வாக்குப் பை வந்துச்சு. சரியாயிருச்சு.”

பையில் நாலு என்னுடைய வீட்டிலிருந்து போனது என்று நினைத்தாள். சொல்லவில்லை. “எங்க வீட்டு வகுப்புக்குக் கொடுத்த அனுமதியை ரத்து பண்ணணும்” என்றாள். “வீட்டுப் பட்டியல்ல முதல் பேரு என்னுது. வீடு என்னுது. நான் சம்மதிக்கல.”

ஊ பா ஹான் பல்குச்சியைக் கீழே வைத்தார். பட்டியலை எடுத்துப் பார்த்தார். “அட, ஆமா, நீங்கதான் குடும்பத் தலைவி” என்றார். அப்படியானால் அந்த நாலு கையெழுத்தும் செல்லாதே என்று அவர் கவலைப்படவில்லை. அவர் முகத்தில் வேறொரு வெளிச்சம் வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டார். அவளுக்குத் தேநீர் சொன்னார். வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்துத் தானே இரண்டு வரி எழுதி, பேனாவை மூடி கழற்றி, அவள் பக்கம் திருப்பி நீட்டினார். குடிவரவு அலுவலகத்தில் ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட யாரும் அவளுக்குப் பேனா மூடியைக் கழற்றித் தந்ததில்லை.

“இங்க ஒரு கையெழுத்து போதும்” என்றார். “நீங்க நல்ல அறிவாளி அமா. எனக்கும் மேல இருந்து தொல்லைதான். அமெரிக்கா, அரசாங்கம், இதெல்லாம் எதுக்கு.”

பேனா அவள் கைக்கு வந்துவிட்டது. அந்த ஆளின் பல்லைப் பார்த்தாள். நாலு ஓட்டைக் கொடுத்து வீட்டில் இருக்கும் அந்த மூடன் வாங்கியதை, இவள் ஒரு கோபத்தில் சும்மாவே திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறாள். கடைசியில் எல்லாம் இவன் மேஜைக்கே வந்து சேர்கிறது. புருஷன் ஒரு கையெழுத்தில், பெண்டாட்டி இன்னொரு கையெழுத்தில். தன்மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது.

பேனாவைத் தாளின்மேல் வைத்தாள். “யோசிச்சுச் சொல்றேன்” என்று எழுந்தாள்.

“தேத்தண்ணி வந்திருச்சே.”

“நீங்க குடிங்க.”

வகுப்பை அவள் மூடவில்லை. அடுத்த ஞாயிறு, பத்து மணிக்கு எட்டுப் பேரும் வந்து பாயில் உட்கார்ந்தபோது, ஒன்பதாவதாக அவளும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். ரஹ்மத்துல்லா, “என்ன வேணும்?” என்றார். “படிக்க வந்திருக்கேன்” என்றாள். எட்டுப் பேர் முன்னால் அவரால் அதற்கு மேல் ஒன்றும் கேட்க முடியவில்லை.

அன்று பாடம் பிரதிநிதி சபைத் தேர்தலின் மிச்சம். “ஓட்டுங்கறது” என்று தொடங்கினார். சமீனா நோட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். அவர் இருமினார். தண்ணீர் குடித்தார். “அதைப் பிறகு பார்ப்போம்” என்று சொல்லி, ஐம்பது மாநிலங்களின் தலைநகரங்களைச் சொல்ல ஆரம்பித்தார். இருபத்தெட்டாவது தலைநகரத்தோடு வகுப்பு முடிந்தது. அவர் வகுப்பு சொன்ன நேரத்துக்கு முடிந்தது அதுவே முதல் தடவை.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவள் வந்து உட்கார்ந்தாள். எதுவும் கேட்கமாட்டாள். கை தூக்கமாட்டாள். சண்டையும் போடவில்லை. வீட்டில் சோறு போட்டாள், துணி துவைத்துக் கொடுத்தாள், பேச வேண்டியதைப் பேசினாள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மட்டும் அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான். தேநீரை வந்தவர்களே போட்டுக்கொண்டார்கள்.

சயாவின் பாடம் குறுகிக்கொண்டே வந்தது. ஓட்டு என்ற சொல் அந்த அறையிலிருந்து போயிற்று. அதோடு தேர்தல் போயிற்று, சம்மதம் போயிற்று, உரிமை போயிற்று. மிச்சமிருந்தது கட்டிடம். வெள்ளை மாளிகையில் எத்தனை அறை, காங்கிரஸ் மண்டபத்துக் கூரை எத்தனை அடி உயரம், ஜனாதிபதியின் விமானத்தில் என்னென்ன வசதி. எழுதுகிறவர்கள் எழுதினார்கள். நாலு ஓட்டு விலை கொடுத்து வாங்கிய வாய்ச் சுதந்திரத்தில் அவர் கூரையின் உயரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். சமீனாவுக்கு இதில் சந்தோஷம் இருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அவள் ஒரு ஞாயிறும் தவறவில்லை.

டிசம்பர் கடைசியில் ஒரு நாள் செனட் சபையைப் பற்றிச் சொன்னார். மாநிலத்துக்கு இரண்டு பேர், மொத்தம் நூறு பேர், ஆளுக்கொரு மேஜை, மேஜைகள் இன்ன மரத்தால் ஆனவை. காளியம்மா மகனுக்காக எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வந்தவள், திடீரென்று பென்சிலை நிறுத்தினாள்.

“சயா, ஒரு சந்தேகம். அந்த நூறு பேரும் அங்க எப்படி வந்து உக்காருறாங்க? அவங்களை யாரு அனுப்புறா?”

ரஹ்மத்துல்லா அவளைப் பார்க்கவில்லை. சமீனாவைப் பார்த்தார்.

“சொல்லுங்க மச்சான்” என்றாள் சமீனா.

அவர் நெற்றியைத் துடைத்தார்.

“வருவாங்க” என்றார்.

“வருவாங்கன்னா எப்படி சயா?”

“வருவாங்கம்மா. அதெல்லாம் தானா வருவாங்க.”

காளியம்மா அதையும் எழுதிக்கொண்டாள்.